சரக்கு என்றைக்கு வரும், அமைச்சர் அவர்களே?

மாண்புமிகு போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக் அவர்களுக்கு,



பினாங்கு டத்தோ கிராமாட் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் சிறிய ஃபார்வர்டிங் அலுவலகம் வைத்திருக்கிறேன். லிட்டில் இந்தியாவின் துணிக்கடைக்காரர்கள், பாத்திரக்கடைக்காரர்கள், பூஜைச் சாமான் விற்பவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள். தமிழ்நாட்டில் அவர்கள் வாங்கும் சரக்கைக் கப்பலில் ஏற்றுவதா, விமானத்தில் அனுப்புவதா என்று யோசனை சொல்வதும், ஏற்றிய பிறகு "நம்ம பெட்டி எங்கண்ணே இருக்கு?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வதும் என் பிழைப்பு. துறைமுகம், ரயில், விமான நிலையம், சரக்கு லோரிகளின் உரிமம் எல்லாமே உங்கள் ஒரே அமைச்சின் கீழ் வருவதால், அந்தக் கேள்வியை இப்போது உங்களிடம் தள்ளிவிடுகிறேன்.

உலக வாணிபச் சரக்கில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் கடல்வழியாகத்தான் போகிறது. விமானத்தில் போவது அளவில் பார்த்தால் ஏறக்குறைய ஒரு விழுக்காடு. ஆனால் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு. பினாங்கில் இந்த இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். 1972-இல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வாணிப வட்டாரம் உருவாகி, இன்டெல் போன்ற நிறுவனங்கள் வந்திறங்கியதிலிருந்து இந்தத் தீவின் சில்லுகள் விமானத்தில்தான் பறக்கின்றன. அவசரம் ஒரு காரணம். இன்னொரு காரணம் வட்டி. ஒரு மில்லியன் வெள்ளிச் சரக்கு வழியில் கிடக்கும் ஒவ்வொரு நாளும், ஆண்டுக்கு 8 விழுக்காடு வட்டி என்று வைத்தால், சுமார் 219 வெள்ளியைத் தின்கிறது. கப்பலில் இருபது நாள் கூடுதலாகப் போனால் நாலாயிரத்துச் சொச்சம். அதோடு வழியிலிருக்கும்போதே சில்லின் விலை வேறு சரியலாம். அந்த நிறுவனங்கள் விமானக் கட்டணத்தைக் கண்டு முகம் சுளிப்பதில்லை.

எங்கள் ஆட்களின் சரக்கு அப்படியில்லை. முப்பதாயிரம் வெள்ளி குத்துவிளக்குக்கு அதே கணக்கில் நாளுக்கு ஆறரை வெள்ளிதான் வட்டி. ஒரு மாதம் கடலில் மிதந்தாலும் இருநூறு வெள்ளியைத் தாண்டாது. ஆகவே கப்பல்தான் என்று யாரும் சொல்லிவிடலாம். ஆனால் தீபாவளிக்கு மறுநாள் வரும் குத்துவிளக்கு எத்தனை வெள்ளி பெறும் என்று கடைக்காரரைக் கேட்டுப் பாருங்கள். தீபாவளியும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. பதினொரு நாள் முன்னால் வந்துவிட்டது என்று கப்பல் கம்பெனிக்குத் தெரியாது, தெரிந்தாலும் கவலையில்லை.

ஒரு கடையின் தீபாவளி ஆர்டரைப் பிரித்துக் காட்டுகிறேன். அதில் மூன்று வகைப் பெட்டிகள். ஒன்றில் புடவை, ஒன்றில் கும்பகோணத்துக்குப் பக்கத்து நாச்சியார்கோவிலில் வார்த்த பித்தளைக் குத்துவிளக்கு, ஒன்றில் பிளாஸ்டிக் தோரணம். விமானத்தில் ஒரு கன மீட்டர் இடம் பிடித்தால், உண்மை எடை குறைவாக இருந்தாலும் 167 கிலோவுக்குக் காசு கட்ட வேண்டும். தோரணம் அறுபது கிலோகூட இருக்காது. மிச்ச நூறு கிலோவுக்கும் காற்றுக்குக் கூலி. குத்துவிளக்கோ அதே இடத்தில் அரை டன் கனக்கும். முழு எடைக்கும் கட்டணம். கப்பலில் பிறர் சரக்கோடு சேர்த்து எல்.சி.எல். ஆகப் போட்டால் ஒரு கன மீட்டர் அல்லது ஒரு டன், எது பெரிதோ அதற்குத்தான் காசு. அரை டன் விளக்கும் அறுபது கிலோ தோரணமும் ஒரே விலையில் வந்துவிடும். புடவை மட்டும் எந்தப் பக்கமும் நஷ்டமில்லாத பொருள். இடத்துக்கு ஏற்ற கனம், கனத்துக்கு மேல் விலை. கோலாலம்பூரில் புது டிசைன் இறங்கிவிட்டதென்று செய்தி வந்தால் போதும், விமானம்தான்.

இதுவரை கூட்டல் கழித்தல். என் அலுவலகத்துப் பையனே போட்டுவிடுவான். போட முடியாத கணக்கு ஒன்று இருக்கிறது. சென்னையில் கப்பல் ஏறிய எல்.சி.எல். சரக்கு சில சமயம் இரண்டு வாரத்தில் பினாங்கு துறைமுகம் இருக்கும் பட்டர்வொர்த்தில் இறங்கிவிடும். சில சமயம் ஐந்து வாரம் ஆகும். சராசரி மூன்றரை வாரம் என்று ஏஜண்ட் சொல்வார். சராசரியை வைத்து யாராலும் கடை நடத்த முடியாது. ஐந்து வாரத்தை நம்பித்தான் ஆர்டர் போட வேண்டும். இரண்டு வாரத்தில் வந்துவிட்டால் மூன்று வாரத்துக்குக் கிடங்கு வாடகை. ஆறாவது வாரமும் வரவில்லை என்றால், அடுத்த வருஷம் அந்தக் கடைக்காரர் குத்துவிளக்கையும் விமானத்தில் போடச் சொல்வார். கப்பல் மெதுவாகப் போவது அவருக்குப் பிரச்சினையே இல்லை. எத்தனை நாள் மெதுவாகப் போகும் என்று யாரும் சொல்லாததுதான் பிரச்சினை. எங்கள் வட்டாரத்தில் விமானக் கட்டணமாகப் போகும் பணத்தில் பெரும்பகுதி வேகத்துக்குக் கொடுப்பதில்லை, பயத்துக்குக் கொடுப்பது. ஒரு டன்னை ஒரு கிலோமீட்டர் தூக்கிப்போக விமானம் கக்கும் கரியமிலவாயு கப்பலைப்போல் பல பத்து மடங்கு. அதையும் சேர்த்து அந்தப் பயத்துக்கு விலை கொடுக்கிறோம்.

எப்படி இத்தனை வித்தியாசம் வருகிறது என்று கேட்டால் வரைபடத்தை விரித்துப் பார்க்க வேண்டும். சென்னையிலிருந்து வரும் கப்பல் சுமத்ராவின் வடமுனையைத் தாண்டி மலாக்கா நீரிணையில் நுழைகிறது. அந்த நீரிணையின் வடவாசலில் பினாங்கு உட்கார்ந்திருக்கிறது. ஆனால் நான் கையாளும் பெட்டிகளில் பெரும்பாலானவை பினாங்கைக் கடந்து, தெற்கே கிள்ளான் துறைமுகத்தில் இறங்கி, அங்கிருந்து சிறு கப்பலிலோ வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் லோரியிலோ மறுபடி வடக்கே வருகின்றன. எங்கள் தாத்தாக்கள் காலத்தில் வரிசை நேர்மாறு. 1926-இல் கட்டிய ரஜூலா கப்பல் சென்னை, நாகப்பட்டினம் விட்டால் மலாயாவில் முதலில் தொடுவது பினாங்கைத்தான். பிறகுதான் போர்ட் சுவெட்டன்ஹாம் (இன்றைய கிள்ளான் துறைமுகம்), சிங்கப்பூர். ஆளும் வெங்காயமும் ஜவுளியும் ஒன்றாக இறங்கும். ரஜூலா போய், அதற்குப் பின் ஓடிய எம்.வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்ததோடு அந்தப் பயணிகள் வழியே மூடிவிட்டது. நான் அந்தக் காலத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. கொள்கலன் தொழிலின் லாபக் கணக்கில் பெரிய துறைமுகத்தில் குவித்துப் பிரிப்பதுதான் மலிவு. அந்த மலிவின் நிழலில்தான் நாங்களும் பிழைக்கிறோம். குவிக்கும் இடத்தில் நெரிசல் வந்தால் முதலில் காத்திருப்பது யார் என்பதுதான் கேள்வி.

அதற்கு 2024 பதில் சொன்னது. 2023 நவம்பரில் செங்கடலில் சரக்குக் கப்பல்களின் மீது தாக்குதல் தொடங்கியது. பெரிய நிறுவனங்கள் சூயஸ் கால்வாயை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றின. ஐரோப்பாவுக்கான பயணம் பத்து நாளுக்கு மேல் நீண்டது. சென்னைக்கும் பினாங்குக்கும் நடுவே செங்கடல் எங்கே வந்தது என்று என் வாடிக்கையாளர் ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். சுற்றிவந்த கப்பல்கள் அட்டவணை குலைந்து ஒன்றாக வந்து சேர, 2024 மே, ஜூனில் சிங்கப்பூரில் நெரிசல். அதைத் தவிர்க்க வந்த கப்பல்களால் கிள்ளானிலும் நெரிசல். கப்பலில் இடம் இல்லையென்றால் முதலில் தள்ளிவிடப்படுவது எங்கள் சில்லறைப் பெட்டிகள். தொழிலில் இதை 'ரோல்' ஆகிவிட்டது என்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு கடையின் சரக்கு ஒரு வழித்துறைமுகத்தில் அடுத்தடுத்த கப்பல்களுக்கு ரோல் ஆகிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் ஏஜண்டின் மின்னஞ்சலில் ஒரு புது ஈ.டி.ஏ., அதாவது வந்து சேரும் தேதி, அதற்குக் கீழே "மாறுதலுக்கு உட்பட்டது" என்று ஒரு வரி. பி.எல். எனப்படும் கப்பல் ரசீதின் பின்பக்கத்துப் பொடி எழுத்துகளும் வந்து சேரும் தேதிக்கு உத்தரவாதமில்லை என்றுதான் சொல்கின்றன.

பயணிக்கு மட்டும் உங்கள் அமைச்சு வேறு நியாயம் வைத்திருக்கிறது. விமானம் ஐந்து மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்ற விதி 2024 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. எந்த விமான நிறுவனம் எத்தனை விழுக்காடு நேரத்துக்குக் கிளம்பியது என்ற கணக்கும் பொதுமக்கள் பார்வைக்கு வருகிறது. நல்ல காரியம். 2024 டிசம்பரில் இண்டிகோ சென்னை-பினாங்கு நேரடிச் சேவையைத் தொடங்கியது. ஆளுக்கு நேர்வழி பிறந்துவிட்டது. அதன் வயிற்றில் பயணிகளின் பெட்டிகள் போக மிஞ்சும் இடத்தில் எங்கள் புடவைப் பெட்டிகளும் இடம் தேடுகின்றன. தீபாவளி நெருங்க நெருங்க ஊரிலிருந்து திரும்புகிறவர்களின் சூட்கேஸ்கள் முந்திக்கொள்ளும். பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தை ஆண்டுக்கு 12 மில்லியன் பயணிகளுக்கு விரிவாக்கப் போகிறீர்கள். வரவேற்கிறேன். அறிவிப்புகள் எல்லாம் பயணிகள் எண்ணிக்கையிலேயே தொடங்கி அங்கேயே முடிவதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நான் கேட்பது பாலமோ கிரேனோ அல்ல. பயணிக்குச் செய்வதைப் பெட்டிக்கும் செய்யுங்கள், கணக்கை வெளியிடுங்கள். வட பட்டர்வொர்த் கொள்கலன் முனையத்துக்கு வரும் ஒவ்வொரு கப்பலும் எந்தத் தேதியில் வருவதாக அறிவித்தது, எந்தத் தேதியில் கரை சேர்ந்தது, பெட்டி இறங்கியதிலிருந்து கேட்டைத் தாண்ட எத்தனை நாள் ஆனது, கிள்ளானில் காத்திருந்தது எத்தனை நாள். மாதம் ஒரு முறை, கப்பல் வழித்தட வாரியாக, யாரும் பார்க்கும்படி. இந்தத் தேதிகள் ஏற்கெனவே துறைமுகத்துக் கணினிகளில் இருக்கின்றன. பினாங்கு துறைமுக ஆணையம் உங்கள் அமைச்சின் கீழ்தான் இயங்குகிறது. பாயான் லெப்பாஸ் சரக்கு முனையத்துக்கும் இதே போல ஒன்று போதும்.

கப்பல் நிறுவனங்கள் வெளிநாட்டவை, அவற்றை நாம் கட்டுப்படுத்த முடியாது என்று அதிகாரிகள் சொல்வார்கள். உண்மைதான். கட்டுப்படுத்தச் சொல்லவில்லையே. ஒரு வழித்தடம் ஆறு மாதமாக ஐந்து வாரம் எடுக்கிறதென்று தெரிந்தால் நாங்களே வேறு வழித்தடத்துக்கு மாறிவிடுவோம். அந்த நிறுவனத்தைத் திருத்த அது போதும். கணக்கு வெளியே வந்தால் துறைமுகத்துக்குக் கெட்ட பெயர் என்று இன்னொருவர் சொல்லலாம். இன்றைக்கு எல்லாத் தாமதத்துக்கும் பட்டர்வொர்த்தையும் சுங்கத்துறையையும்தான் கடைக்காரர்கள் திட்டுகிறார்கள். கட்டம் கட்டமாகப் பிரித்துக் காட்டினால், பெரும்பாலான நாள்கள் வழித்துறைமுகத்தில் போனது தெரியவரும் என்பது என் அனுமானம். தப்பாக இருந்தால் அதுவும் தெரியட்டும்.

பெரிய தொழிற்சாலைகளுக்கு இந்தக் கணக்கு ஏற்கெனவே கிடைக்கிறது. சொந்த ஆட்களும் மென்பொருளும் வைத்து ஒவ்வொரு கப்பலையும் வரைபடத்தில் பார்க்கிறார்கள். எந்தச் சரக்கை எப்போது கப்பலிலிருந்து விமானத்துக்கு மாற்றுவது என்று முன்கூட்டியே முடிவெடுக்கிறார்கள். டத்தோ கிராமாட்டில் இருப்பவனுக்கு ஏஜண்டின் வாய்வார்த்தைதான் மென்பொருள்.

ரயிலையும் விட்டுவிடாதீர்கள். தென் தாய்லாந்துச் சரக்கு பாடாங் பெசார் வழியாக ரயிலேறிப் பினாங்கு துறைமுகத்துக்கு வருவது பழைய வழக்கம்.  2024 ஜூனில் சிலாங்கூரிலிருந்து தாய்லாந்து, லாவோஸ் வழியாகச் சீனாவின் சொங்கிங்குக்கு ஆசியான் எக்ஸ்பிரஸ் சரக்கு ரயில் தொடங்கியபோது ஒன்பது நாளில் போய்ச் சேரும் என்றார்கள். நம் தண்டவாளமும் தாய்லாந்துத் தண்டவாளமும் ஒரு மீட்டர் அகலம். லாவோஸிலிருந்து சீனாவுக்கு 1,435 மில்லிமீட்டர். நடுவில் பெட்டியை ஒரு ரயிலிலிருந்து இன்னொன்றுக்குத் தூக்கி வைத்தாக வேண்டும். அந்த இடத்தில் என்ன ஆகிறது? தொடங்கியதிலிருந்து எத்தனை ரயில்கள் உண்மையிலேயே ஒன்பது நாளில் சேர்ந்தன? பாதிக்கு மேல் என்றால் அதைவிடப் பெரிய விளம்பரம் அந்த ரயிலுக்குத் தேவையில்லை; சீனாவிலிருந்து மின்விளக்குச் சரம் தருவிக்கும் என் வாடிக்கையாளர் நாளைக்கே கேட்பார், பட்டர்வொர்த்தில் ஒரு பெட்டி கழற்றிவிட முடியுமா என்று.

2026-இல் தீபாவளி நவம்பர் 8. நாச்சியார்கோவில் பட்டறைகளுக்கு ஆர்டர் ஜூலைக்குள் போயாக வேண்டும். வார்த்து, கடைந்து, மெருகேற்றி, வைக்கோல் வைத்துக் கட்டி அவர்கள் அனுப்பவே வாரங்கள் ஆகும். அதற்கு முன் ஜூன் மாதக் கணக்கு ஒன்றையாவது வெளியிடச் செய்தால், இந்த ஆண்டு எதைக் கப்பலில் போடுவது, எதை விமானத்தில் போடுவது என்று இலக்கத்தைப் பார்த்துச் சொல்வேன். முதல் கணக்கில் பினாங்கு துறைமுகம் மட்டும் இருந்தால்கூடப் போதும்.

இப்படிக்கு,
டத்தோ கிராமாட் சாலையிலிருந்து ஒரு ஃபார்வர்டிங்காரன்