தொழில் பழகிய கையில் விலங்கு!

பீகாரில் கங்கைக் கரையில் முங்கேர் என்று ஓர் ஊர். துப்பாக்கிப் பட்டறைகளுக்குப் பேர் போனது. வங்காள நவாப் மீர்காசிம் 1760-களில் தலைநகரை அங்கே மாற்றி ஆயுதச்சாலை வைத்தார். வெள்ளைக்காரனை எதிர்க்கத்தான்! அன்று பிடித்த அரத்தை ஊர் இன்னும் கீழே வைக்கவில்லை.

லைசென்சு பெற்ற பட்டறைகள் இப்போதும் உண்டு. செய்வது ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கி. ஆனால் ஆர்டர் எங்கே? துப்பாக்கி லைசென்சு கிடைப்பதே குதிரைக்கொம்பு. போதாக்குறைக்கு ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பதை 2019 சட்டத்திருத்தம் இரண்டாக்கிவிட்டது.

தொழில் பழகும் பையன் என்ன செய்வான்? குழல் கடையவும், விசையை ராவி உட்கார வைக்கவும் வருடக்கணக்கில் பழகியவன். "ரகசியமா ஒரு பிஸ்டல் செஞ்சு கொடு தம்பி" என்று தரகன் வருகிறான். அதுதான் பையனின் முதல் சொந்த வேலை!

லைசென்சு இல்லாமல் செய்து சிக்கினால் முன்பு 3 முதல் 7 ஆண்டு ஜெயில். 2019-க்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டு. ஆயுள் வரை போகலாம்.

தண்டனையைக் கூட்டியது சரிதான். கள்ளத்துப்பாக்கி எந்த வீட்டுத் தாலியை அறுக்குமோ, யார் கண்டது? ஆனால் ஆயுதத் தயாரிப்பில் தனியாரையும் 2001-லேயே அனுமதித்தாயிற்றே. அந்தத் தொழிற்சாலைகளில் முங்கேர்ப் பையன்களுக்கு ஒரு வேலை போட்டுக் கொடுத்தால் என்னவாம்?