காசநோய் மருந்துகளும் கண், செவி நரம்புகளும்

காசநோய் குணப்படுத்தக்கூடிய நோயாக மாறியது மருந்துகளால்தான். ஸ்ட்ரெப்டோமைசின் 1943-ஆம் ஆண்டிலும், எத்தாம்புட்டால் 1961-ஆம் ஆண்டிலும் அமெரிக்காவில் கண்டறியப்பட்டன. 1956-இல் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம், நோயாளி தம் வீட்டிலிருந்தபடியே மருந்துண்டு குணமடையலாம் என்பதை உலகிற்கு மெய்ப்பித்தது. மருந்து வீட்டிற்கு வந்தபோது, அதன் தீய விளைவுகளைக் கண்டறியும் பொறுப்பும் மருத்துவமனையை விட்டு வெளியே வந்துவிட்டது. இஃது இன்னும் போதிய அளவு உணரப்படவில்லை.

எத்தாம்புட்டால் சிலரிடத்தில் பார்வை நரம்பைத் தாக்குகிறது. விழித்திரையிலிருந்து மூளைக்குச் செல்லும் இந்நரம்பில் ஏறத்தாழப் பத்து லட்சம் இழைகள் உள்ளன. அவை பழுதுறும்போது பெரும்பாலும் வலி தோன்றுவதில்லை; கண் சிவப்பதுமில்லை. பார்வையின் நடுப்பகுதி மங்கும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவது கடினமாகும். பொதுவாக இரு கண்களும் ஒருங்கே பாதிக்கப்படுவதால், ஒப்பிட்டுப் பார்க்க நல்ல கண் எதுவும் எஞ்சுவதில்லை. நாற்பது வயதைக் கடந்தவர் இதனை வெள்ளெழுத்து என்று எண்ணி வாளாவிருந்துவிடுகிறார். வெள்ளெழுத்தில் அருகிலுள்ளவை மட்டுமே தெளிவிழக்கும். கண்ணாடியால் அது சீராகும். நரம்பின் பழுதைக் கண்ணாடி தீர்க்காது.

ஸ்ட்ரெப்டோமைசின், கனமைசின், அமிக்காசின் ஆகிய ஊசி மருந்துகள் செவியைத் தாக்கவல்லவை. ஒலியை நரம்புத் துடிப்பாக மாற்றும் உட்செவி மயிரணுக்கள் அழிந்தால், மனிதரிடத்தில் அவை மீண்டும் தோன்றா. முதலில் மறைவது மிக உயர்ந்த சுருதியுடைய ஒலிகளே. பேச்சு கேட்டுக்கொண்டிருப்பதால் நோயாளி குறையை அறிவதில்லை. கனமைசினைத் தவிர்க்குமாறு உலக சுகாதார நிறுவனம் 2018-இல் அறிவுறுத்தியது. வாய்வழி மருந்துகள் மட்டுமே கொண்ட சிகிச்சை முறைகள் அதன்பின் பரவின. எனினும் இடர் முற்றும் நீங்கிவிடவில்லை. மருந்துக்கு இணங்காத காசநோய்க்கு இன்று தரப்படும் லினிசோலிட், பார்வை நரம்பையும் கால் நரம்புகளையும் தாக்கவல்லது. ஆதலின் பாதத்தில் எரிச்சலோ மரமரப்போ உண்டென்று கூறும் நோயாளியிடம் பார்வையைப் பற்றியும் வினவுதல் வேண்டும்.

இவற்றை முன்கூட்டியே நோயாளியிடம் சொன்னால், அவர் அஞ்சி மருந்தையே நிறுத்திவிடுவார் என்று வாதிப்போர் உண்டு. மருந்தைப் பாதியில் விடுவது உயிருக்கே ஆபத்தாதலின், இவ்வச்சத்தைப் புறக்கணிப்பதற்கில்லை. ஆயினும் அதற்கு மாற்று மௌனம் அன்று. எத்தாம்புட்டாலால் ஏற்படும் குறையைத் தொடக்கத்திலேயே கண்டு அம்மருந்தை நிறுத்தினால், பலருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ பார்வை திரும்புகிறது; காலந்தாழ்த்தினால் இழப்பு நிலைத்துவிடக்கூடும். எச்சரிக்கப்படாமல் பார்வையிழந்த ஒருவரைக் கண்ட ஊர், அதன்பின் எந்த மருந்தையும் எளிதில் நம்பாது. எனவே உண்மையைச் சொல்வதே சிகிச்சை தொடர்வதற்கும் காப்பாகும்.

இதற்குப் பெருஞ்செலவு எதுவும் தேவையில்லை. மாத்திரை வழங்கச் செல்லும் களப்பணியாளர், ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே மூடச் செய்து, பள்ளிப் பாடநூலின் சிறிய எழுத்துகளைப் படிக்கச் சொல்லலாம். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் சிவப்பு நூலையும் பச்சை நூலையும் காட்டி நிறம் கேட்கலாம். ஊசி பெறுவோரிடம் காதிரைச்சல், தலைச்சுற்றல், இருளில் தள்ளாட்டம் உண்டா என வினவலாம். சிறுநீரகக் கோளாறு உடையோரின் உடலில் இம்மருந்துகள் தேங்குவதால், அவர்களிடம் கூடுதல் கவனம் தேவை. மாற்றம் காணப்பட்டால் அன்றே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். எம்மருந்தை நிறுத்துவது, எதனைத் தொடர்வது என்பதை அவரே முடிவு செய்வார். நோயாளி தாமாக எல்லா மருந்தையும் கைவிடலாகாது. தம் மாணவரின் பெற்றோர் இச்சிகிச்சையில் இருப்பதை அறிந்த ஆசிரியரும் இவ்விளக்கத்தைத் தனிமையில் எடுத்துரைக்கலாம்.

இக்கேள்விகள் பணியாளரின் நல்லெண்ணத்திற்கு விடப்படாமல், மாத்திரை உண்டதைக் குறிக்கும் அட்டையிலேயே இடம்பெறுதல் வேண்டும். நுரையீரல் குணமடைந்தது என்று பதிவு செய்யும் ஏடு, கண்ணும் செவியும் காக்கப்பட்டனவா என்பதையும் பதிவு செய்யட்டும்.