மட்காட் யாருக்காக?

இங்கிலாந்தில் வசிக்கும் என் தங்கையின் மகன் இரண்டு புகைப்படங்களை அனுப்பி, "மாமா, இதில் எது அழகு?" என்று கேட்டிருந்தான். சாய்ந்தமருதில் பிறந்து, கல்முனை வீதிகளில் சைக்கிள் ஓட்டி வளர்ந்தவன், இப்போது அங்கே பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கியிருக்கின்றான். தொழிற்சாலையில் முழுமையாகத் தயாரான கார் அல்ல அது. முதல் உரிமையாளர் பாகங்களாக வாங்கித் தன் வீட்டுக் கராஜில் பூட்டியெடுத்த கார். அதன் முன் மட்காட்டை மாற்ற வேண்டும் என்பதே அவனுடைய ஆசை.

இவ்வகைக் கார்களுக்கு ஒரு வரலாறு உண்டு. 1957இல் கொலின் சாப்மன் என்பவரின் லோட்டஸ் நிறுவனம் 'செவன்' என்ற சிறிய காரை அறிமுகப்படுத்தியது. முழுக் காருக்குக் கொள்வனவு வரி உண்டு, பாகங்களாக வாங்கினால் இல்லை என்ற நிலை அன்று பிரித்தானியாவில் இருந்ததால், பலரும் அதைப் பாகங்களாகவே வாங்கித் தாமே பூட்டிக்கொண்டனர். 1973இல் அதன் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குச் சென்றது. அந்த வடிவம் இன்றும் தயாரிக்கப்படுகின்றது.

அந்தக் காரின் முன் மட்காட்டில் இரண்டு பாணிகள் உள்ளன. ஒன்று, சைக்கிள் மட்காட் போலச் சில்லை ஒட்டி நின்று, சில்லோடு சேர்ந்து திரும்புவது. பாரம் குறைவு, ஆனால் சேறும் கல்லும் பக்கவாட்டில் தெறிக்கும். மற்றையது, சிப்பி ஓடு போல அகன்று, சில்லுக்கு மேலாக வளைந்து உடலோடு இணைவது. தண்ணீரை நன்றாக மறிக்கும். வேகமாகச் செல்கையில் அடியில் காற்றுப் பிடித்து முன்பக்கத்தைத் தூக்கப் பார்க்கும்.

எனக்கு இதில் ஞானம் போதாது. எனவே, கடற்கரையோரம் பைபர்கிளாஸ் தோணிகளைத் திருத்தும் ஒரு தம்பியிடம் அந்தப் படங்களைக் காட்டினேன். உப்புக் காற்றில் இரும்பு நிலைக்காத எங்கள் ஊரில், தோணி திருத்துபவரிடமே வாகனத்தின் உடைந்த பாகங்களும் வந்து சேரும். அவர் படங்களைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பின்னால வாற ஆளுக்குச் சேறடிக்காதது எது காக்கா? அதப் போடச் சொல்லுங்க."

அழகைப் பற்றி நான் கேட்டேன். மட்காட் யாருக்காக என்பதை அவர் சொல்லிவிட்டார்.

மாரி மழையில் கல்முனைப் பிரதான வீதியில் நின்று பார்த்தவர்களுக்கு இது விளங்கும். வெள்ளைச் சீருடையோடு பாடசாலைக்குச் செல்லும் பிள்ளைகள் வீதியோரமாக நடக்கின்றார்கள். பின் மட்காட்டை வெட்டிக் குறுக்கிய மோட்டார் சைக்கிள் ஒன்று தேங்கிய நீரைக் கிழித்துக்கொண்டு பாய்கின்றது. ஓட்டுபவரின் முதுகில் சில துளிகள். பின்னால் வந்த பிள்ளையின் உடையிலோ அன்றைய பாடசாலை நாளே பாழாகின்றது.

இளைஞர்களை மட்டும் குறை சொல்ல நான் விரும்பவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்து ஆண்டுகளும் பழையதை வாங்கிப் புதியதாக்குவதே ஏழை இளைஞனுக்கு இருந்த ஒரே வழி. இன்னொருவர் ஓட்டிக் கழித்த வண்டியைத் தன்னுடையதாக்கிக்கொள்ள அவன் ஏதாவது மாற்றத்தான் செய்வான். நானும் என் சைக்கிள் மட்காட்டில் இறப்பர் மடல் தொங்கவிட்டுப் பெருமைப்பட்டவன்தான்.

2025 ஜனவரியில், 'கிளீன் ஸ்ரீ லங்கா' வேலைத்திட்டத்தின் பெயரால் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் பூட்டப்பட்ட மேலதிக உதிரிகளைக் கழற்றும் நடவடிக்கையில் பொலிஸார் இறங்கியபோது, சாரதிகள் எதிர்த்தனர், அவகாசமும் வழங்கப்பட்டது. கண்ணைக் கூசச் செய்யும் விளக்கும் காதைப் பிளக்கும் ஹோர்னும் அகற்றப்பட வேண்டியவைதாம். ஆனால், யாருக்கும் தீங்கில்லாத அலங்காரத்தையும் அவற்றோடு ஒரே கணக்கில் சேர்ப்பது நீதியன்று.

இவ்விடத்தில் பிரித்தானியாவின் 1986ஆம் ஆண்டு வாகன ஒழுங்குவிதிகளில் கற்க ஒன்றுண்டு. மட்காட் எந்த வடிவில் இருக்க வேண்டும் என்று அவை கட்டளையிடவில்லை. சில்லு சுழல்கையில் எழும் சேற்றையும் நீரையும் இயன்றளவு அது தடுக்க வேண்டும் என்கின்றன. அழகை உரிமையாளரிடம் விட்டுவிட்டுக் கடமையை மட்டும் சட்டம் பிடித்துக்கொள்கின்றது. நமது அதிகாரிகளும் வீதியில் வண்டியை மறிக்கையில், "இது பிறருக்குத் தீங்கா?" என்ற ஒரே அளவுகோலைக் கையில் வைத்திருக்கட்டும். அப்போது அலங்கரித்த முச்சக்கர வண்டி தப்பும்; மட்காட்டை வெட்டிய மோட்டார் சைக்கிள் அகப்படும்.

மருமகனுக்குப் பதில் எழுதிவிட்டேன்: "இரண்டும் அழகுதான் மகன். நீ வாழ்வது மழை பெய்யும் நாடு. சிப்பி ஓட்டையே போடு. வீதியில் உனக்குப் பின்னாலும் ஒருவர் வருகின்றார்."