மாடு இல்லாத கௌபாய்

லக்கி லூக் கதைகளின் கடைசிக் கட்டம் மாறவே மாறாது. சூரியன் மலைவாயில் விழுந்துகொண்டிருக்கும். ஜாலி ஜம்பர் என்ற வெள்ளைக் குதிரை மேல் லூக் முதுகைக் காட்டியபடி போவார். ஊரை விட்டு வெகுதூரம் வந்துவிட்ட தனிக்கட்டை கௌபாய் நான் என்று ஒரு பாட்டு. குதிரை உண்டு, தொப்பி உண்டு, துப்பாக்கி உண்டு. முன்னால் ஒரு மாடுகூடப் போகாது.

கௌபாய் என்றால் மாடு மேய்க்கிறவன். கம்பம் பள்ளத்தாக்கில் மலைமாட்டுக் கூட்டத்துக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்று வளர்ந்த வாசகர் அந்தக் கட்டத்தில் மாட்டைத்தான் முதலில் தேடுவார்.

தமிழில் இந்தக் கதைகளுக்குப் பாதை போட்டது சிவகாசி. 1972-இல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு முத்து காமிக்ஸ் வந்தது. 1984-இல் எஸ்.விஜயனை ஆசிரியராகக் கொண்டு லயன் காமிக்ஸ். சிஸ்கோ கிட், டெக்ஸ் வில்லர், லக்கி லூக், சிக் பில் என்று குதிரைக்காரர்கள் வரிசையாக வந்து இறங்கினார்கள். வந்தவர்களுக்குத் தமிழ்நாட்டிலேயே புதுப் பெயரும் சூட்டினார்கள். டெக்ஸின் நரைத்த தோழர் கிட் கார்சன் ‘வெள்ளிமுடியார்’ ஆனார். நவஹோ மக்கள் டெக்ஸுக்கு வைத்த பெயர் ‘இரவுக்கழுகு’ ஆயிற்று. பிரெஞ்சில் ப்ளூபெர்ரி என்ற பழத்தின் பெயரோடு 1963-இல் பிறந்த குதிரைப்படை லெப்டினன்ட், அந்தப் பழத்தையே கண்டிராத ஊர்களில் ‘கேப்டன் டைகர்’ ஆகிக் கம்பீரமாக வலம் வந்தார்.

இந்த நாயகர்களில் பெரும்பாலானவர்கள் அமெரிக்காவில் பிறக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். டெக்ஸ் 1948-இல் இத்தாலியில் பிறந்தவர். எழுதியவர் போனெல்லி, வரைந்தவர் கலெப்பினி. லக்கி லூக்கை 1946-இல் படைத்த மோரிஸ் பெல்ஜியத்துக்காரர். பிறகு அமெரிக்காவுக்குப் போய் ஆறு ஆண்டு தங்கினார். அங்கேதான் ரெனே கோசினி என்ற எழுத்தாளரைச் சந்தித்தார். 1955 முதல் 1977-இல் கோசினி இறக்கும்வரை இருவரும் சேர்ந்து செய்த கதைகளில்தான் சிரிப்பு உச்சம் தொட்டது.

டால்டன் சகோதரர்களையே எடுத்துக்கொள்ளலாம். நான்கு பேருக்கும் ஒரே முகம், ஒரே மீசை, ஒரே கோடுபோட்ட கைதிச் சட்டை. உயரம் மட்டும் படிக்கட்டு மாதிரி ஏறும். குள்ளமான ஜோவுக்குக் கோபமும் மூளையும் அதிகம். நெட்டையான அவரெலுக்குப் பசி அதிகம். சிறையை உடைக்கத் திட்டம் போடும் நேரத்தில் சோறு எப்போது என்று அவன் கேட்பான். ஜோ எம்பிக் குதிப்பான். காவலுக்கு இருக்கும் ரன்டன்பிளான் என்ற நாய்க்குக் கைதி யார், காவலர் யார் என்றே புரியாது. அந்த நால்வரும் வரிசையாக நிற்கும் ஒரு கட்டம் போதும், எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளையும் சிரித்துவிடும்.

சிரிப்புக்கு அடியில் வரலாறு இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்ததும் டெக்சஸில் மாடுகள் ஏராளம். வாங்க ஆளோ வடக்கே. 1867 முதல் மந்தைகளை வாரக்கணக்கில் ஓட்டிக்கொண்டு கான்சஸ் மாநிலத்து அபிலீன் ரயிலடிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். புழுதி, தூக்கமின்மை, ஆற்று வெள்ளம், மிரண்டு ஓடும் மந்தை, சொற்பக் கூலி. கௌபாயின் நிஜ வாழ்க்கை அதுதான். 1874-இல் கிளிடன் என்ற விவசாயி முள்கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். திறந்த புல்வெளிகளில் வேலி முளைத்தது. இருபது, முப்பது ஆண்டுக்குள் அந்தத் தொழிலே சுருங்கிப்போயிற்று.

1967-இல் வந்த லக்கி லூக் கதை ஒன்று இந்த முள்கம்பிச் சண்டையைத்தான் சொல்கிறது. பெரிய பண்ணைக்காரரின் மாடுகள் ஏழை விவசாயியின் காய்கறித் தோட்டத்தை மிதித்து நாசமாக்குகின்றன. லூக் விவசாயி பக்கம் நிற்கிறார். இறைச்சி தின்பவர்களுக்கும் கீரை தின்பவர்களுக்கும் நடக்கும் சண்டையாகவே கோசினி அதைக் காட்டிச் சிரிக்கவைக்கிறார்.

இந்தக் கதை தேனிக்காரர்களுக்கு அந்நியமே இல்லை. வருசநாடு, மேகமலை அடிவாரங்களில் மலைமாட்டை நம்பி வாழும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. மலைமாடு பால் கறந்து கொட்டாது. அதன் வரும்படி கன்றிலும் காளையிலும் சாணத்திலும். அறுவடை முடிந்த வயலில் கிடை போட்டால் நிலத்துக்கு உரம், மாட்டுக்காரருக்குக் காசு. கம்பம் நந்தகோபாலன் கோயில் மாட்டுத்தொழுவில் மாட்டுப்பொங்கலன்று கூட்டம் அலைமோதும். நேர்ந்துகொண்டவர்கள் கன்றுகளைக் கொண்டுவந்து விடுவார்கள்.

இங்கேயும் வேலி வந்தது. முள்கம்பியாக அல்ல, எல்லைக்கோடாக. 2021-இல் திருவில்லிபுத்தூர்–மேகமலை தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம் ஆனது. 2022 மார்ச்சில் காடுகளில் கால்நடை மேய்க்கச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அதே மாதத்தில் அதைத் திருத்தி, புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா ஆகியவற்றுக்கு மட்டும் என்று வரையறுத்தது. புலிக்குக் காடு வேண்டும். தலைமுறையாக அதே காட்டில் மேய்ந்த மாட்டுக்கும் புல் வேண்டும். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற இந்த வழக்கைவிட நல்ல வெஸ்டர்ன் கதை எங்கே கிடைக்கும்?

அதை வரைய ஓர் ஓவியரும் எழுத ஓர் எழுத்தாளரும் வர வேண்டும். 2018-இல் லெனின் பாரதி ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ படத்தில் ஏலக்காய் மூட்டை சுமக்கும் கால்களைத் திரைக்குக் கொண்டுவந்தார். காமிக்ஸுக்கு அந்த நாள் வரவில்லை. வந்தால் சிரிப்புக்கும் பஞ்சம் இருக்காது: முரட்டுக் காளை ஒன்று, கூட்டத்தை விட்டு எப்போதும் தனியே போகும் கிடாரி ஒன்று, தூக்குவாளியை எப்போது திறப்பது என்பதிலேயே குறியாக இருக்கும் அவரெல் மாதிரி ஒரு பையன்.

அந்தக் கதையிலும் கடைசிக் கட்டத்தில் சூரியன் கேரளப் பக்கத்து மலைக்குப் பின்னால் இறங்கட்டும். தோளில் துண்டும் கையில் கம்புமாக நாயகன் முதுகைக் காட்டி நடக்கட்டும். பாட்டு வேண்டாம், கழுத்துமணிச் சத்தம் போதும். அவனுக்கு முன்னால், புழுதி கிளப்பிக்கொண்டு, இருநூறு மாடுகள் தொழுவுக்குத் திரும்பிக்கொண்டிருக்கட்டும்.