மூச்சில் ஏறும் மருந்து! ஜவ்வாது மலைக்கு வருமா?

ஜவ்வாது மலையில் பனிக்காலம் வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு இருமல் சத்தம் கேட்கும். குழந்தைக்குச் சளி பிடிக்கும். நெஞ்சு இழுக்கும். பாட்டி நொச்சித் தழையைப் போட்டு ஆவி பிடிக்கச் சொல்வாள்.

ஆவி பிடித்தால் மூக்கடைப்பு விலகும். ஆனால் கிருமி சாகாது. (கொதிக்கும் சட்டியைக் குழந்தையின் பக்கத்தில் வைப்பது ஆபத்து. சட்டி கவிழ்ந்து உடம்பு வெந்துபோன குழந்தைகள் பலர்.)

அந்த ஆவியைப் போலவே, நோயை எதிர்க்கும் சக்தியையும் மூச்சு வழியாக நெஞ்சுக்குள் அனுப்ப முடியுமா? விஞ்ஞானிகள் சில ஆண்டுகளாக இதைச் சோதித்து வருகிறார்கள்.

முடிந்தால் மலைவாசிகளுக்குப் பெரிய உதவி. ஜவ்வாது மலை, திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. சாமையும் தினையும் பயிரிடும் மலையாளிப் பழங்குடி மக்கள் அங்கே வாழ்கிறார்கள். காவலூரில் நட்சத்திரங்களை ஆராயும் பெரிய டெலஸ்கோப் இருக்கிறது. அதே மலையில், சாலை இல்லாத குக்கிராமங்களிலிருந்து நோயாளியை டோலி கட்டித் தூக்கி வர வேண்டியிருக்கிறது! மூச்சுத் திணறும் நோயாளிக்கு ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

கூவி எழுப்பும் பொருள்

ஊருக்குள் திருடன் புகுந்தால், முதலில் பார்த்தவன் என்ன செய்வான்? "திருடன்! திருடன்!" என்று கூவுவான். பக்கத்து வீட்டார் கதவைத் தாழிட்டுக் கொள்வார்கள்.

மனித உடம்பிலும் இதுதான் நடக்கிறது. உடம்பு கோடிக்கணக்கான நுண்ணறைகளால் ஆனது. ஒரு நுண்ணறைக்குள் வைரஸ் கிருமி புகுந்ததும், அது ஒரு பொருளைச் சுரக்கிறது. அந்தப் பொருள் பக்கத்து நுண்ணறைகளை எச்சரிக்கிறது. அதன் பெயர் 'இண்டர்பெரான்'. 1957-ம் ஆண்டு லண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மன் என்ற இரு விஞ்ஞானிகள் இதைக் கண்டுபிடித்தார்கள்.

இதை ஊசியாகப் போட்டால் காய்ச்சலும் உடம்பு வலியும் வரும். மூச்சு வழியே கொடுத்தால், சண்டை நடக்கிற இடத்துக்கே மருந்து போகும் அல்லவா? இங்கிலாந்தில் சவுத்தாம்டன் நகர விஞ்ஞானிகள் இப்படி நினைத்தார்கள். ஆஸ்துமாக்காரர்களுக்கு வைக்கிறார்களே, நெபுலைசர் என்ற கருவி, அதன் மூலம் இண்டர்பெரானைக் கொடுத்துப் பார்த்தார்கள்.

2020-ல் கொரோனா வந்தது. ஆஸ்பத்திரியில் இருந்த 98 நோயாளிகளைச் சோதனையில் சேர்த்தார்கள். சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்து, 48 பேருக்கு மருந்து, 50 பேருக்கு வெறும் போலி மருந்து! யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.

முடிவு அதிசயமாக இருந்தது. மருந்து பெற்றவர்களில் ஒருவரும் சாகவில்லை. போலி மருந்து பெற்றவர்களில் 3 பேர் இறந்தார்கள். பத்திரிகைகள் கொண்டாடின. மருந்துக் கம்பெனியின் பங்கு விலை விர்ரென்று ஏறியது.

விழுந்தது அடி

ஆனால் 98 பேர் போதுமா? நாணயத்தைப் பத்து முறை சுண்டினால் ஏழு முறை பூ விழலாம். அதற்காக நாணயம் கோணல் என்று சொல்ல முடியாது. ஆகவே பல நாடுகளில் 623 நோயாளிகளிடம் மறுபடியும் சோதித்தார்கள். 2022 பிப்ரவரியில் முடிவு வந்தது. மருந்து பெற்றவர்களும் பெறாதவர்களும் ஏறத்தாழ ஒரே சமயத்தில்தான் வீடு திரும்பினார்கள். மருந்து தோற்றது! பங்கு விலையும் சரிந்தது.

அதற்குள் ஸ்டீராய்டு வைத்தியத்தால் நோயாளிகள் முன்பைவிட நன்றாகத் தேறிக்கொண்டிருந்ததும் ஒரு காரணம் என்று கம்பெனி கூறியது. இருக்கலாம். ஆனாலும் இரண்டாவது சோதனை வீண் அல்ல. அது நடக்காமல் இருந்தால், பயன் நிரூபிக்கப்படாத மருந்தை ஏழைகள் நகையை அடகு வைத்து வாங்கியிருப்பார்கள்.

இந்தியாவும் சும்மா இருக்கவில்லை. ஐதராபாத் பாரத் பயோடெக் கம்பெனி, மூக்கில் விடும் கொரோனா தடுப்பு மருந்தைத் தயாரித்தது. சுமார் 3,100 பேரிடம் 14 இடங்களில் சோதனை நடந்தது. 2022 செப்டம்பரில் சர்க்கார் அனுமதி கிடைத்தது. 2023 ஜனவரி 26-ந் தேதி வெளியிடப்பட்டது. ஒரு மூக்குத் துவாரத்துக்கு 4 சொட்டு, ஊசி இல்லை. ஆனால் இது நோய் வருமுன் கொடுப்பது. வந்த நோயைத் தீர்ப்பது அல்ல. மேலும், அந்தச் சோதனையில் முக்கியமாக ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி ஊறுகிறதா என்றுதான் பார்த்தார்கள். எத்தனை பேருக்கு நோய் தடுக்கப்பட்டது என்று எண்ணவில்லை. இரண்டும் ஒன்றல்ல.

கம்மம் பாடம்

புது மருந்து வந்தால் அதை யாரிடமாவது சோதித்தே ஆக வேண்டும். "எங்களைச் சோதனை எலி ஆக்குகிறார்களா?" என்று மலைவாசி கேட்டால், அந்தப் பயம் வெறும் பயம் அல்ல.

2009-ல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில், கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பு ஊசியைப் பள்ளிச் சிறுமிகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். பலர் பழங்குடிப் பெண்கள், விடுதியில் தங்கிப் படித்தவர்கள். அவர்களுக்காகச் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது யார்? பல பத்திரங்களில் பெற்றோர் அல்ல, விடுதி வார்டன்! சில சிறுமிகள் இறந்ததும் கூக்குரல் எழுந்தது. 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. சாவுக்கு ஊசி காரணம் அல்ல என்று விசாரணையில் தெரிந்தது. ஆனால் சம்மதம் வாங்கிய முறையை, 2013-ல் பார்லிமெண்டுக் கமிட்டி கடுமையாகக் கண்டித்தது. நல்ல ஊசிக்கே கெட்ட பெயர் வந்துவிட்டது.

2019-ல் வந்த புதிய மருந்துச் சோதனை விதிகள், நோயாளிக்குப் புரியும் பாஷையில் எல்லாவற்றையும் விளக்கச் சொல்கின்றன. படிக்கத் தெரியாதவர் என்றால் சம்பந்தம் இல்லாத ஒரு சாட்சி உடன் இருக்க வேண்டும். சோதனையால் கெடுதல் நேர்ந்தால் இலவச வைத்தியமும் நஷ்ட ஈடும் தர வேண்டும். கைநாட்டு வைத்த பிறகும், "எனக்கு வேண்டாம்" என்று எந்த நாளிலும் விலகிக்கொள்ளலாம். அதற்காக அவருக்குக் கொடுக்கும் வழக்கமான வைத்தியத்தை நிறுத்தக் கூடாது.