முதலில் பெட்டி வாங்கு என்கிறார்கள்

எந்தக் கைவேலையைப் பழக ஆசைப்பட்டாலும் இப்ப முதல் பாடம் கடைக்குப் போறதுதான். கம்பளி நூற்கிற காணொளிகளைப் பார்த்து எங்களில் சிலருக்கும் ஆசை வந்தது. நூற்கிற தக்ளிக்குச் செலவில்லை, ஒரு குச்சியும் வட்டக் கனமும் போதும். அதற்கு முந்தின வேலைக்குத்தான் காசு. உரோமத்தைச் சிக்கெடுக்கிற கைக்கார்டர் ஒரு சோடியை இங்கே இறக்கினால் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டும். உருளை பூட்டின டிரம் கார்டர் பல நூறு டொலர். நல்ல கருவி இல்லாவிட்டால் தொடங்காதே என்று இலவசப் புத்திமதி வேறு. இதை நாங்கள் ஏற்கவில்லை.

அந்தக் கருவி அப்படி என்னதான் செய்யுது? கத்தரித்த உரோமத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் ஊத்தையும் இருக்கும். சவர்க்காரச் சுடுதண்ணியில் ஊறவைத்து எடுக்கவேணும். கசக்கக்கூடாது, கசக்கினால் இறுகித் தடித்துப்போகும். காய்ந்தபிறகு இழைகளைப் பிரிக்கவேணும், கட்டியாகக் கிடந்தால் நூல் சீராக வராது. இதற்குத் தேவை கொஞ்சப் பற்கள். எந்தக் கொம்பனியின் பல் என்று உரோமம் விசாரிக்காது.

நாய், பூனைக்குச் சீவுகிற வளைந்த கம்பிப்பல் பிரஷ் இரண்டு வாங்குங்கோ. முகம் சின்னன், ஒரு தரத்தில் கொஞ்சம்தான் ஏறும். ஆனால் அது செய்யிறது கார்டரின் வேலையேதான். நீள உரோமத்துக்குச் சீப்பு வேணும். பலகைத் துண்டில் ஆணியைவிடக் கொஞ்சம் ஒடுக்கமாகத் துளை போடுங்கோ, சும்மா அடித்தால் பலகை பிளக்கும். பின்பக்கத்தால் நீள ஆணிகளை இரண்டு வரிசையாக, ஒன்றின் இடைவெளிக்குள் மற்றது வாற மாதிரி இறக்குங்கோ. பின்னுக்கு இன்னொரு பலகை அறைந்தால் ஆணி நழுவாது. இப்படி இரண்டு: ஒன்றை மேசையில் இறுக்கி மற்றதால் சீவவேணும். கூர் பொல்லாதது, வேலை முடிய ரெஜிபோம் துண்டில் குத்தி வையுங்கோ.

ஒரு முழு ஆட்டின் உரோமத்தையும் இதால் சீவி முடிக்கிறது விசர் வேலை. தொழிலாகச் செய்யிறவர் டிரம் கார்டர் வாங்கட்டும், அதில் நியாயம் இருக்கு. இன்றைக்குத் தொடங்கிறவளிடம் அதைக் கேட்பது வாசலிலேயே மறிக்கிறது.

கர்நாடகத்துக் குருபர்கள் தக்காணச் செம்மறி உரோமத்தை வில்லால் அடித்தே பிரித்தார்கள். பல்லே கிடையாது. நாணை உரோமக் குவியலுக்குள் இறக்கிச் சுண்ட, அந்த அதிர்வில் கட்டி அவிழும். அந்த வில்லுக்கு யார் பெட்டி விற்றது?

‘யாழ்ப்பாணத்துச் செம்மறி கம்பளி தராதே’ என்று ஒரு நண்பர் மடக்கினார். உண்மைதான். பஞ்சு இருக்குத்தானே? பஞ்சுக்கும் அதே வில்தான். காற்றில் சிதறுகிற கடல் திவலைக்கு வில்லால் அடித்த பஞ்சை உவமை சொல்கிறது நற்றிணை. பனுவல் என்று நாங்கள் புத்தகத்தைச் சொல்கிறோம். புறநானூற்றில் அது பருத்திப் பெண்டின் கையில் இருக்கிற பஞ்சு. கலைப்பீடத்தில் இதையெல்லாம் உவமைநயம் என்று எழுதிப் புள்ளி வாங்கலாம். அந்த வில் எந்த மரம், நாண் எதில் முறுக்கினது என்று மட்டும் எந்த வினாத்தாளும் கேட்பதில்லை.