பாசியைச் சுரண்டுவதற்கு முன்

மீன்தொட்டி வைத்திருப்போரிடையே ஓயாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. எத்தனை முறை துடைத்தாலும் கண்ணாடியை விட்டு அகலாத பாசியை என்ன செய்வது? வண்ணமீன் கடைகளில் இதற்குப் பெரும்பாலும் இரண்டு விடைகள் கிடைக்கின்றன. ஒன்று, பாசியைக் கொல்லும் திரவம் அடைத்த சிறு புட்டி. மற்றொன்று, ‘டேங்க் கிளீனர்’ என்ற பெயரில் விற்கப்படும் சக்கர் மீன். இரண்டுமே பிழையான விடைகள் என்பது என் கருத்து. அவற்றுள் இரண்டாவது, நம் வீட்டுச் சிக்கலை ஊர் ஏரியின் மீது ஏற்றிவிடும் விடையும்கூட.

பாசி என்னும் ஒரே சொல்லுக்குள் நாம் பலவற்றை அடக்கிவிடுகிறோம். புதுத் தொட்டியில் முதல் சில வாரங்களில் தோன்றும் பழுப்புப் படலம், சிலிக்காவால் ஆன ஓடுடைய டயாட்டம் என்னும் நுண்ணுயிர்க் கூட்டம். விரலால் தேய்த்தாலே அது போய்விடும். வழவழப்பான போர்வை போலப் படர்ந்து நாற்றம் எழுப்பும் நீலப்பச்சைப் படலமோ உண்மையில் பாசியே அன்று, அது சயனோபாக்டீரியா. நம்மை உண்மையில் அலைக்கழிப்பது, கண்ணாடியில் கடுகு தெறித்தாற்போல் ஒட்டிக்கொள்ளும் கரும்பச்சைப் புள்ளிப் பாசி. நீர்மட்டத்தை ஒட்டி வெண்மையாகப் படிவதைப் பலரும் பாசி என்றே எண்ணித் தேய்த்துக் களைக்கின்றனர். அது கடின நீர் விட்டுச் சென்ற சுண்ணாம்புப் படிவு. ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தும் வீடுகளில் இது மிகுதி. நீர்மட்டத்தைச் சற்றே இறக்கி, வினிகர் தோய்த்த துணியால் சிறிது நேரம் ஒற்றி வைத்துத் துடைத்தால், சுண்ணாம்பு அமிலத்தில் கரைந்துவிடும். வினிகர் மட்டும் தொட்டி நீரில் சொட்டக் கூடாது.

புள்ளிப் பாசிக்குப் புது பிளேடுக்கு நிகரான கருவி இல்லை. கண்ணாடியோடு ஏறக்குறையப் படுத்த நிலையில் சாய்த்துப் பிடித்து, கீழிருந்து மேலாக மெல்லத் தள்ள வேண்டும். நல்ல எஃகு முனை கண்ணாடியைக் கீறுவது அரிது. கீறுவது மணல். குவார்ட்ஸ் மணலின் கடினம் கண்ணாடியினுடையதைவிட மிகுதி. காந்தத் துடைப்பானுக்கும் கண்ணாடிக்கும் இடையே ஒரு மணல் துகள் சிக்கினாலும் நிலையான கோடு விழும். ஆகவே அடிமணலை ஒட்டிய இரண்டு விரல் உயரத்தில் காந்தத்தை இழுக்காமல், பயன்படாத பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டுவதே நன்று. மூலைகளில் கண்ணாடிகளை இணைக்கும் சிலிக்கோன் பசையில் பிளேடு பட்டால் தொட்டி ஒழுகத் தொடங்கும். அக்ரிலிக் தொட்டிக்கு பிளேடே ஆகாது. அதற்கு மென்மையான பஞ்சு மட்டுமே. சோப்பு எவ்வகைத் தொட்டிக்கும் கூடாது.

இவ்வளவும் செய்தபின் இரண்டு வாரத்தில் பாசி திரும்பி வந்துவிடுகிறதே என்பர். வரத்தான் செய்யும். பாசியின் இவ்வியல்பை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். குறுந்தொகையின் 399ஆம் பாடலில் பரணர், தலைவியின் பசலைக்கு ஊரார் நீருண்ணும் துறையில் படர்ந்த பாசியை உவமையாக்கினார். கை படுந்தோறும் விலகுவதும், கை எடுத்ததும் மீண்டும் மூடுவதும் அவ்வுவமையின் உயிர். அங்கே பசலைக்குக் காரணம் பிரிவு. அது தீராமல் பசலை தீராது. தொட்டிப் பாசிக்குக் காரணங்கள் மிகையான ஒளியும் மிகையான உணவும். மீன் தின்னாமல் விட்ட இரையும் மீனின் கழிவும் நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் மாறிப் பாசிக்கு எருவாகின்றன. விளக்கை நாளுக்கு 6 முதல் 8 மணி நேரத்தோடு நிறுத்துவதும், சன்னல் வெயில் படாத இடத்தில் தொட்டியை வைப்பதும், வாரந்தோறும் நீரில் ஏறத்தாழ கால் பங்கைக் குளோரின் நீக்கிய நீரால் மாற்றுவதும், மீன்கள் சில நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவே இரையிடுவதும்தான் மருந்து.

புட்டி மருந்து இக்காரணங்களுள் எதையும் தொடுவதில்லை. அது பாசியைக் கொல்கிறது; செத்த பாசி தொட்டியிலேயே அழுகுகிறது; அழுகல் நீரிலுள்ள ஆக்சிஜனை உண்கிறது; மீன்கள் மேற்பரப்பில் வாய் பிளக்கின்றன. அழுகியது மீண்டும் எருவாகி அடுத்த பாசியை வளர்க்கிறது. செம்பு கலந்த மருந்தாயின் நத்தையும் இறாலும் மடியும்.

இனி சக்கர் மீன். தென்னமெரிக்காவைச் சேர்ந்த கவச உடல் கெளுத்தி இது. கடையில் விரல் நீளமே இருக்கும் இம்மீன் ஓரடிக்கு மேல் வளரக்கூடியது. இரண்டடித் தொட்டியில் அது தின்று தீர்க்கும் பாசியைவிட அது இடும் கழிவு மிகுதி. வளர்ந்தபின் கொல்ல மனமில்லாதவர்கள் அதை ஏரியிலோ குளத்திலோ விட்டுவிடுகின்றனர். இரக்கத்தின் பெயரால் செய்யப்படும் இச்செயலின் விளைவு, தமிழகம், கேரளம், ஆந்திரம் உள்ளிட்ட பல மாநிலங்களின் நீர்நிலைகளில் இம்மீன் இன்று பெருகியிருப்பதுதான். அதன் முள்துடுப்புகள் வலையைக் கிழிக்கின்றன, முட்டையிடக் கரையைத் துளைக்கிறது, சந்தையிலோ விலையில்லை. நம் வரவேற்பறைக் கண்ணாடி பளபளக்க, யாரென்றே அறியாத ஒரு மீனவர் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருக்கிறார். இந்தக் கணக்கை ஏற்க என் மனம் ஒப்பவில்லை.

உதவிக்கு ஓர் உயிர்தான் வேண்டுமென்றால் நெரைட் நத்தை போதும். அது கண்ணாடியில் எள் போன்ற வெண்முட்டைகளை ஒட்டிவைக்கும். அவற்றையும் பிளேடால்தான் சுரண்ட வேண்டும். ஆயினும் அவை நன்னீரில் குஞ்சாக வளர்வதில்லை என்பதால் பெருகிவிடும் அச்சமில்லை. வாங்கிய உயிர் எதுவாயினும், தொட்டிக்கு ஒவ்வாதபோது கடைக்கோ வேறொரு வளர்ப்பாளருக்கோ கொடுக்க வேண்டுமே தவிர, நீர்நிலையில் விடலாகாது.

மீன்தொட்டியின் வரலாற்றிலும் நத்தைக்கு ஓர் இடமுண்டு. லண்டனைச் சேர்ந்த ராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியலாளர், இரண்டு பொன்மீன்களையும் வாலிஸ்னேரியா என்ற நீர்த்தாவரத்தையும் ஒரு கண்ணாடிக் கலத்தில் வளர்த்தார். இலைகள் அழுகி, கலத்தின் சுவரெங்கும் பச்சை வழும்பு படர்ந்தது. அவர் குளத்து நத்தைகளை உள்ளே விட்டார்; கலம் தெளிந்தது. 1850இல் அவர் அறிவித்த இச்சோதனை, மீனும் செடியும் நத்தையும் ஒன்றையொன்று தாங்கும் தொட்டி என்ற எண்ணத்திற்கு அடித்தளமானது.

வாரிங்டன் தேடியது சமநிலை. நாம் தேடுவது பெரும்பாலும் நம் பார்வைக்கு இடையூறின்மை மட்டுமே. பாசி மீனுக்குத் தீங்கன்று. நைட்ரேட்டை உறிஞ்சுகிறது, பகலில் ஆக்சிஜன் தருகிறது, பல மீன்களுக்கு மேய்ச்சலாகிறது. ஆகவே நான் பரிந்துரைப்பது எளியது: நாம் பார்க்கும் முன்கண்ணாடியை மட்டும் வாரம் ஒருமுறை சுரண்டுங்கள். பின்கண்ணாடியை மீன்களுக்கே விட்டுவிடுங்கள். அங்கே பாசி திடீரென அடர்ந்தால், புட்டியைத் தேடிக் கடைக்குப் போகாமல் விளக்கின் நேரத்தையும் இரையின் அளவையும் பாருங்கள்.